ஏம்பலத்தில் மூன்று இலை

வெளிநாடு போய் வந்தேன் என்று சொன்னதும், "கப்பல்லயா டீச்சர்?" என்று என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மாட்டுவண்டியில் என்றேன். அவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. கடலூரில் இருக்கிறவளுக்குப் பிரெஞ்சு ராஜ்யம் என்பது ஆற்றைத் தாண்டினால் வருகிற கரும்புத் தோட்டம்தான். ஆனாலும் சுங்கச் சாவடி உண்டு, வேறு தொப்பி போட்ட போலீஸ்காரர் உண்டு, வேறு ராஜ்யத்துக் காசு உண்டு. அப்படியானால் அது வெளிநாடுதானே? நான்கு நாளில் நான் பட்ட பாட்டைக் கப்பலேறிச் சீமைக்குப் போனவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள்.

போன காரியம் திராட்சரசம் வாங்குவது. அதாவது ஒயின். இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. எஸ்தர் டீச்சர் என்றால் எங்கள் ஊரில் மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி என்று பொருள். குடிகாரன் ஈரல் இப்படித்தான் இருக்கும் என்று கறுப்பு மையில் கத்தரிக்காய் மாதிரி ஒரு படம் எழுதித் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போனவள் நான். அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து கத்தரிக்காயை விட்டவர்கள் உண்டு. சாராயத்தை விட்டவர்கள் இருவர் என்று என் கணக்கு.

குருத்தோலை ஞாயிறன்று பதினோரு பெண்பிள்ளைகள் முதன்முதலாக இராப்போஜனம், அதாவது கோயிலில் அப்பமும் திராட்சரசமும், வாங்க இருந்தார்கள். பதினோரு பேரும் நான் ஒரு வருஷமாக ஞானோபதேசம் சொல்லித் தயார் செய்த பிள்ளைகள். சென்னைக்கு எழுதிய ரசம் வரவில்லை. போன வருஷம் இப்படி ஆனபோது கோயில் மணியடிக்கிறவரைப் பிரெஞ்சு எல்லைக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்துப் பாதி பாட்டிலோடும் முழுப் பாட்டோடும் வந்து சேர்ந்தார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. அதனால் இந்த முறை சபை மூப்பர்கள் கூடி, ஒரு சொட்டும் குறையாமல் கொண்டுவரக்கூடிய ஆள் ஊரில் எஸ்தர் ஒருத்திதான் என்று தீர்மானித்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இராப்போஜனத்துக்கு ஒயின் எதற்கு, உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்தால் போதாதா என்று பத்து வருஷமாகச் சபையில் சண்டை போடுகிறவளும் நானேதான். போதகர் ஐயா ஒவ்வொரு முறையும், "கர்த்தர் குடுத்தது ரசம், கிஸ்மிஸ் தண்ணி இல்ல டீச்சர்" என்று சொல்லிவிடுவார். நான் புறப்படும்போது மூப்பர் சம்சாரம் வாசல்வரை வந்தாள். "பாத்துப் பத்திரமா கொண்டா எஸ்தர். வழியில ஒடஞ்சு போச்சுன்னு வந்து நின்னா ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

புதன்கிழமை புறப்பட்டேன். இந்தப் பிரெஞ்சு எல்லையை வரைந்தவருக்குக் கை நடுக்கம் இருந்திருக்க வேண்டும். சற்று நேரம் பிரெஞ்சு நிலம், ஒரு வாய்க்காலைத் தாண்டினால் நம்முடைய நிலம், அடுத்த புளியமரத்தில் மறுபடியும் பிரெஞ்சு. ஒரே நெல் வயலில் ஒரு வரப்பு வெள்ளைக்கார ராஜாவுக்கு, அடுத்த வரப்பு இன்னொரு வெள்ளைக்காரருக்கு. நாற்று இரண்டு பக்கமும் ஒரே பச்சைதான். பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "எம்மவன் சைகோன்ல கணக்கு எழுதுறான்." "எங்க வூட்டுக்காரரு தம்பியும் அங்கதான் சொல்தா." சொல்தா என்றால் பட்டாளத்துக்காரன். கடலுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர் ஆளுகிற சைகோனை அவர்கள் பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். நாம் ரங்கூன் என்கிறோமே, அந்த மாதிரி.

வில்லியனூரில் என் சித்தி மகள் வீட்டில் தங்கினேன். காலையில் காப்பியோடு முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டியை வைத்தாள். மேலே ஓடு மாதிரி மொறமொறப்பு, உள்ளே பஞ்சு. இட்லி இல்லாத விடியலா என்று முதலில் முகத்தைச் சுளித்தேன். பிறகு தோய்த்துத் தின்று பார்த்தேன். முழங்கை முடிந்தது. மத்தியானம் மணப்பட்டிலிருந்து வந்த வஞ்சிர மீன் குழம்பு. நம் கடலூர்க் கடலும் அதே கடல்தான், ஆனால் மீன் அங்கே ருசியாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை ரசம் வாங்கப் போனேன். போதகர் ஐயா எழுதிக் கொடுத்த விலாசத்தில், பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் முதியவர் ஒருவர் இருந்தார். மார்பில் மெடல் குத்திய கோட்டும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்திருந்தார். ஊரார் அவரை முசே என்கிறார்கள், நம் ஊர் ஐயா மாதிரி. வீட்டுக்குள் பீப்பாய்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் நீட்டினார்.

"ருசி பாருங்க மதாம்."

"நான் குடிக்க மாட்டேன். கோயிலுக்கு."

"கோயிலுக்குத்தான் சொல்றேன். கெட்டுப்போனதக் கடவுளுக்குக் குடுக்கலாமா? ருசி பாக்காம வாங்குறது பாவம்."

கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். முசே என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பாட்டில் வாங்கி, வைக்கோல் சுற்றி, என் வெள்ளைச் சேலை ஒன்றையும் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அன்று முழுவதும் பச்சைக் குழந்தையை வைத்திருப்பவள் மாதிரி அந்தப் பையை இறக்காமல் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏம்பலத்துக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. டிரைவர் கீழே படுத்துக்கொண்டு இன்ஜினைத் திட்டினார். இன்ஜின் கேட்கவில்லை. ஞாயிறு எனக்குக் காத்திருக்காதே என்று, அந்த வழியாகப் பாகூருக்குப் போன ஒரு ஒற்றை மாட்டு வண்டியில் ஏறினேன். வண்டிக்காரர் குப்புசாமி நல்ல மனிதர். மாடும் நல்ல மாடுதான். ஆனால் அதைப் போன மாதம்தான் கரும்பு ஆலையிலிருந்து வாங்கினாராம். ஆறு வருஷம் செக்குமாடு மாதிரி ஆலையைச் சுற்றிச் சுற்றி வந்த மாடு. இந்தச் செய்தியை அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஏம்பலத்து வயல்நடுவில் ஓர் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. பாகு காய்ச்சும் வாடை காற்றில் வந்ததுதான் தாமதம், மாடு பாதையை விட்டு இறங்கியது. "ஏய், ஏய்! இன்னாடா இது!" என்று குப்புசாமி கயிற்றை இழுத்தார். அது ஆலைக்களத்துக்குள் நுழைந்து, அங்கே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த மாடுகளுக்குப் பின்னால் போய் அமைதியாகச் சுற்ற ஆரம்பித்தது. வண்டியோடு, என்னோடு. முதல் சுற்றில் ஆலைக்காரர்கள் சிரித்தார்கள். இரண்டாவது சுற்றில் நானும் சிரித்தேன். மூன்றாவது சுற்றில் சக்கரம் கழிவுச்சாறு விடும் பள்ளத்தில் இறங்கி, வண்டி குடை சாய்ந்தது.

எனக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. முறிந்திருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். பைக்குள் கையை விட்டேன். இரண்டு பாட்டிலும் தூள். ரசம் முழுவதும் என் மடியில் ஊற்றிச் சேலை இடுப்பிலிருந்து கால்வரை சிவப்பாகிவிட்டது. அதன்மேல் கரும்புச் சக்கையும் சேறும். செருப்பில் ஒன்று பள்ளத்தோடு போயிற்று. குப்புசாமி அச்சாணி தேடி ஓடினார். நான் பாதையோரத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, நாற்பத்துநான்கு வயசில், வாய்விட்டு அழுதேன். பதினோரு பிள்ளைகள் முழங்காலில் நின்று வெறும் பாத்திரத்தைப் பார்ப்பது போலவே இருந்தது. மூப்பர் சம்சாரம் முகமும் வந்து போயிற்று. வேண்டுமென்றே உடைத்தாள் என்றுதானே சொல்வார்கள்? பத்து வருஷச் சண்டைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அப்போது ஓர் ஆள் வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்தார். கழுத்துக் கயிற்றில் சிலுவை. வேர்த்து ஊற்றியது. என்னைப் பார்த்து நின்றார். மூக்கு ஒரு தரம் சுருங்கி விரிந்ததைக் கவனித்தேன்.

"ஆயா, ஏந்திரி. சாப்பாடு இருக்குது, எங்க வூட்டுக்கு வா. உச்சி மணி அடிக்கிறதுக்குள்ள போவணும்."

ஆயாவா! இன்னொரு நாளாக இருந்தால் நான்கு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் காலையில் ரொட்டிகூடத் தின்னாத வயிறு. வழிப்போக்கருக்கு இரங்குகிற ஒரு கிறிஸ்தவ மனிதர் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அவர் பெயர் அருளப்பன். அதே ஆலையில் பாகு கிண்டுகிறவர்.

கூரை வீடு. சாணம் மெழுகி, கோலம் போட்டு, வாசலில் பத்துப் பதினைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுவரோரமாக ஒரு கிழவரும், மொட்டைத் தலையும் மூக்குத்தியுமாக ஏழு வயசுப் பெண்குழந்தை ஒன்றும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பலகை காலியாக இருந்தது. என்னை அதில் உட்கார வைத்தார்கள். அருளப்பன் சம்சாரம் மதலேன் பித்தளைத் தாம்பாளத்தோடு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். சேற்றுக் காலைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தாள். கரும்பு வெட்டிக் காய்த்த கை, உரசியபோது அரம்போல இருந்தது. குதிகாலில் குத்தியிருந்த முள்ளை நகத்தால் கிள்ளி எடுத்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். என் காலை என் தாய்க்குப் பிறகு யாரும் தொட்டதில்லை.

அப்போதுதான் வாசலில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. "மாதா இந்த வருசம் கொஞ்சம் குண்டு."

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில், கையில் பூக்கோலோடு சூசையப்பர் படம். அதன் முன்னால் விளக்கு. தரையில் மூன்று இலை. அன்று சூசையப்பர் திருநாள் என்பது எனக்கு உறைத்தது. கத்தோலிக்கர் சிலர் அந்த நாளில் ஒரு நேர்ச்சை செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏழைக் கிழவர் ஒருவர், ஏழைப் பெண் ஒருத்தி, ஒரு குழந்தை, மூவரையும் கூட்டிவந்து சூசையப்பராகவும் மாதாவாகவும் சேசுபாலனாகவும் பாவித்துக் கால் கழுவிச் சோறு போடுவார்கள். வருஷா வருஷம் மாதாவாக வருகிற விதவைக்கு அன்று காய்ச்சல். வேறு ஏழைப் பெண்ணைத் தேடித்தான் அருளப்பன் ஓடி வந்திருக்கிறார். மரத்தடியில், கிழிந்து நனைந்து, சாராய வாடையோடு அழுதுகொண்டிருந்த ஒருத்தி கிடைத்திருக்கிறாள்.

ஐயோ என்று ஆகிவிட்டது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது தப்பு என்று எங்கள் லுத்தரன் சபை வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவள் நான். என்னையே மாதாவாக உட்கார வைத்து விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். எழுந்திருக்கப் போனேன். பக்கத்திலிருந்த சூசையப்பர் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"குந்து. நீ ஏந்திரிச்சா மூணு பேரு ரெண்டு பேரா பூடும். எங்களையும் ஏந்திரிக்கச் சொல்லிடுவாங்க. எனக்குப் பசிக்குது."

குந்து என்று பேசாதே, உட்கார் என்று சொல் என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறேன்! வாயை மூடிக்கொண்டு குந்தினேன்.

சோறு, கத்தரிக்காய்க் காரக்குழம்பு, முருங்கைக்கீரை, வடை, அப்பளம், கடைசியில் புதுவெல்லப் பாயசம். அதில் ஏலக்காயும் உலர்ந்த திராட்சையும் கிடந்தன. குழந்தை அஞ்சலை ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பையன்கள் எல்லாரும் ஆலைக்குப் போய்விட்டதால் அவள் சேசுபாலன். திராட்சையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றாள். மதலேன் இன்னும் நாலு திராட்சையை எடுத்து அவள் இலையில் போட்டாள். அந்த வீட்டுக்காரர் இருவரும் எங்களுக்கு எதிரே நின்று பரிமாறினார்கள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கியதிலிருந்து நாளுக்கு ஒருவேளை மட்டும் தின்று ஒருசந்தி இருந்து, தின்னாத வேளையின் அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகப் பானையில் போட்டு வைத்துச் சமைத்த சோறு அது என்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கத்தைவிடப் பசி பெரிதாக இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் புருஷனும் பெண்சாதியும் முழங்காலில் நின்றார்கள். மூவரும் ஆசீர்வாதம் சொல்ல வேண்டும், அதுதான் முறை. கிழவர் "நல்லா இருங்க" என்றார். அஞ்சலை வாயில் வடையோடு "நல்லா இருங்க" என்றாள். மதலேன் என் பக்கம் திரும்பினாள்.

"எம் மவன் அந்தோணி சைகோனுக்குப் போனான். கடுதாசி வந்து எட்டு மாசம் ஆவுது. அவனுக்காவத்தான் இந்த நேர்ச்ச. ஒரு வார்த்த சொல்லு தாயீ."

நான் கூட்டங்களில் அரை மணி நேரம் ஜெபம் பண்ணுகிறவள். ஜனங்கள் கொட்டாவி விடும் வரைக்கும் பண்ணுவேன். அந்த நிமிஷத்தில் இரண்டே வாக்கியம்தான் வந்தது. அவள் தலையில் கை வைத்தேன். "ஆண்டவரே, அந்தோணி எந்த ஊரில் பசியோடு நின்றாலும், இந்த வீட்டு வாசலைப் போல ஒரு வாசல் அவனுக்குத் திறந்திருக்கட்டும். இந்தத் தாய் கைக்கு ஒரு காகிதம் வரட்டும்" என்றேன்.  ஆமென் என்றேன். எல்லாரும் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் போட்டார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வாசலில் நின்ற உபதேசியார் அதைப் பார்த்துவிட்டார். சாமியார் வராத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். "இன்னாம்மா, சிலுவ போட மாட்டியா? நீ யாரு?"

மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொன்னேன். லுத்தரன் சபை என்றேன். பள்ளிக்கூட வாத்தியாரம்மா என்றேன். பிச்சைக்காரி இல்லை, குடித்ததும் இல்லை, கொண்டுபோன கோயில் ரசம் உடைந்து மடியில் ஊற்றியது என்றேன்.  சூசையப்பராக உட்கார்ந்திருந்த கிழவர் மட்டும் "அட சாமி!" என்று சிரித்தார்.

"சிரிக்கிற காரியமா?" என்றார் உபதேசியார். "பதிதர கொண்டாந்து மாதா எடத்துல குந்த வெச்சிருக்க அருளப்பா. ஏழையும் இல்ல, நம்ம வேதமும் இல்ல. நேர்ச்ச செல்லாது." பதிதர் என்றால் வேதம் தவறியவர்கள், எங்கள் சபைக்காரர்களுக்கு அவர்கள் வைத்த பெயர்.

அருளப்பன் முகம் செத்துப்போயிற்று. மகனுக்காகச் செய்தது. என்னால் கெட்டது.  மதலேன் மட்டும் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உபதேசியாரே, நான் ஒருசந்தி இருந்து புடியரிசி சேத்தேன். அது எந்த வேதக்காரங்க வவுத்துக்குப் போவணும்னு பானையில எழுதியா வெச்சேன்? வந்தாங்க, பசிச்சுது, சாப்ட்டாங்க. பெத்லேம்லயும் இப்பிடித்தான் நீ யாரு எவுருன்னு கேட்டுக் கேட்டுக் கதவ சாத்துனாங்க."

 உபதேசியார் சூசையப்பர் படத்தைப் பார்த்தார். பிறகு, "பாயசம் மிச்சம் இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். அதற்குமேல் நேர்ச்சையைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்துமா காலைக் கழுவினீர்கள்?"

"வாட வந்துச்சு" என்றாள் மதலேன். "இன்னா கஷ்டமோன்னு நெனச்சேன். குடிச்சவளுக்குப் பசிக்காதா?"

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. எங்கள் பள்ளிக்கூட வாசலுக்குப் போன கிறிஸ்துமஸ் அன்று பாக்கியம் என்று ஒருத்தி வந்தாள். மீன் கூடை தூக்குகிறவள், குடிக்கிறவள். கஞ்சி ஊற்றுகிறோம் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். வாடை வந்தது. இதைக் குடித்துவிட்டுத் தேவன் வாசலுக்கு வருகிறாயா என்று விரட்டினேன். அவள் போகும்போது, கஞ்சிக்குக் கொண்டுவந்த ஏனத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். அதை அன்றைக்கு ஒரு வெற்றியாக நினைத்துச் சங்கத்தின் அறிக்கையில்கூட எழுதினேன்.

மாதாவுக்கு வழக்கமாகக் கொடுக்கிற சேலையை எனக்குக் கொடுத்தார்கள். அரக்குக் கட்டம் போட்ட முரட்டு நூல் சேலை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு சேலையும் இல்லை, பையில் இருந்ததும் ரசத்தில் ஊறியிருந்தது. மதலேன் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து ஒரு துணியில் கவிழ்த்தாள். உலர்ந்த திராட்சை, இரண்டு மூன்று பிடி இருக்கும், நடுவில் நாலைந்து ஏலக்காய்.

"அவன் திரும்பி வந்தா பாயசம் வெக்கலாம்னு எடுத்து வெச்சது. திராச்சதானே, ரசம் ஆவாதா? எடுத்துட்டுப் போ. உங்க கோயில்ல அவன் பேர ஒரு தபா சொல்லிடு."

அன்றிரவு பாகூரில் குப்புசாமியின் தங்கை வீட்டில் படுத்தேன். மாடு வழியில் வேறு ஆலை எதையும் பார்க்காதபடி அதன் கண்ணுக்குத் துணி கட்டிக் கூட்டிப் போனார்.

சனிக்கிழமை காலையில் திராட்சைத் துணியில் எறும்பு ஏறியிருந்தது. பாகூர்க் கடைத்தெருவில் ராவுத்தர் ஒருவர் கடையில் காலி டப்பா கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். துணியைப் பிரித்து, எறும்பை ஒவ்வொன்றாக ஊதித் தள்ளி, புது டப்பாவில் போட்டார். நான் இரண்டணாவை நீட்டினேன். "தொழுவுற காரியத்துக்குப் போறதுக்கு டப்பாக் காசா? போங்கம்மா" என்று கையை மடக்கிவிட்டார்.

எல்லையில் சுங்கக்காரர் என் பைக்கு மேலே மூக்கை வைத்தார். பையில் ரச வாடை போகவே இல்லை. "பாட்டில் எங்க?" என்றார். "ஏம்பலத்து மண் குடிச்சிடுச்சு" என்றேன். பையைத் தலைகீழாகக் கொட்டினார். ஒற்றைச் செருப்பு, சிவப்பேறிய சேலை இரண்டு, திராட்சை டப்பா. என்னையும் கட்டம் போட்ட சேலையையும் பார்த்தார். வியாபாரி என்று சொல்ல முடியாத கோலம். போ என்று கை காட்டினார்.

போதகர் ஐயாவிடம் நேராகப் போய் நின்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன், மாதாவாக உட்கார்ந்ததையும் விடவில்லை. "நான் வேண்டுமென்று உடைத்தேன் என்றுதான் சொல்வார்கள் ஐயா. நீங்களும் நினைத்தால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை" என்றேன்.  அவர் டப்பாவைத் திறந்து முகர்ந்தார்.

"அந்தம்மா பேரு என்ன சொன்னீங்க?"

"மதலேன்."

"கிஸ்மிஸ் தண்ணின்னு நான் சொன்னது சரிதான் டீச்சர். ஆனா இது கிஸ்மிஸ் தண்ணி இல்ல" என்றார். அவரே அடுப்பைப் பற்றவைத்தார். ஊறவைத்து, கொதிக்கவைத்து, நான் துணியில் பிழிய அவர் பாத்திரத்தைப் பிடித்தார். கடைத்தெருத் திராட்சையும் கொஞ்சம் சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம், இது போதும் என்றேன். போதகரோடு நான் சண்டை போடாமல் செய்த முதல் வேலை அதுதான்.

ஞாயிறன்று குருத்தோலையோடு சபை நிறைந்திருந்தது. நான் கட்டம் போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மூப்பர் சம்சாரம் மேலும் கீழும் பார்த்தாள். மன்றாட்டில் போதகர், "சைகோனிலிருக்கும் அந்தோணிக்காக" என்று வாசித்தார். "யாரு அது?" என்று அவள் என் காதில் கேட்டாள். "எனக்குச் சோறு போட்டவங்க பிள்ளை" என்றேன். பதினோரு பிள்ளைகளும் முழங்காலில் நின்றார்கள். பாத்திரம் ஒவ்வொரு வாயாகப் போயிற்று. அவர்களில் ஒருத்தி, சாராள், திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "டீச்சர், ஏலக்காய் வாசம் அடிக்குது" என்று கிசுகிசுத்தாள். கோயிலில் பேசாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எனக்கும் அடித்தது.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். பாயசம் அவ்வளவு நன்றாக வரவில்லை. பிறகு மீன் துறைக்குப் போய் விசாரித்துப் பாக்கியத்தைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் அவள் கை முந்தானைக்குப் போயிற்று. வீடு வரைக்கும் நாலடி தள்ளியே வந்தாள். வாசலில் நின்றுவிட்டாள். வாடை வந்தது.

"இன்னா டீச்சரம்மா, பிரசங்கமா?"

"இல்லை."

"ஈரல் படம் காட்டுவியா?"

"மாட்டேன். சோறு ஆறுது." சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தேன். அவள் பயந்து பின்னால் நகர்ந்தாள். நான் பலகையைக் காட்டினேன்.

"குந்து" என்றேன்.